மழைக்கு முன் ஓர் அறை

கஜபதியின் மகள் தேவயானிக்கு எட்டாம் மாதம் தொடங்கும் முன்பே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஒரு கிலோ நானூறு கிராம். திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூன்று வாரம் பார்த்துக்கொண்டார்கள். கார்த்திகை பிறந்தபோது எடை ஒன்றே முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இன்னும் பத்து நாளில் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், ஆனால் குளிர் மட்டும் படவே கூடாது என்று டாக்டர் சொன்னார்.

எந்த வீட்டுக்கு என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

முதல் பிரசவம் என்றால் தாய் வீடு. ஆனால் தேவயானியின் தாய் இறந்து நான்கு வருடமாகிறது. கே.ஜி.கண்டிகையில் சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் கஜபதி தனியாக இருந்தார். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் ஆட்டோ. கண்டிகைக்கும் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுவது அவர் தொழில். சம்பந்தி நிர்மலா அம்மையார்குப்பத்தில் இருந்தார். அங்கே மாடி வீடு, கீழே நான்கு பவர்லூம் தறி, வீடு நிறைய ஆட்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் நிர்மலா மரியாதையாகத்தான் பேசினார். மழைக்காலம், பனிக்காலம், அங்கே ஒரு பெண்பிள்ளைகூட இல்லை, நாங்களே கூட்டிப் போய்விடுகிறோம் அண்ணா என்றார். கஜபதிக்கு அதில் மறுத்துப் பேச ஒன்றும் இருக்கவில்லை. தலையாட்டினார். கட்டிலில் சாய்ந்திருந்த தேவயானிதான் குறுக்கிட்டாள்.

"நான் நைனா வீட்டுக்குத்தான் போவேன் அத்தே."

நிர்மலாவின் முகம் சுருங்கியது. அவர் மகன் நவீன்குமார் அம்மாவையும் பார்க்காமல் மனைவியையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நாள் இருக்கிறதே, பார்க்கலாம் என்று பேச்சு அதோடு நின்றது.

அன்று மாலை ஊர் திரும்பிய கஜபதி, வாசலில் நின்று தன் வீட்டைப் பார்த்தார். பதினெட்டு வருடமாக இருக்கிற வீடு. ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளைச் சுற்றி துரு ஏறி, ஒவ்வொன்றின் அடியிலும் சுவரில் பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. ஜன்னல் கதவில் ஒன்றைச் சாத்தினால் மற்றொன்று திறந்துகொள்ளும். வாசல் கதவுக்கு அடியில் எலி தாராளமாகப் போய்வரும் இடைவெளி. இதையெல்லாம்விட மோசம், மார்கழி விடியற்காலையில் ஷீட்டின் உள்பக்கம் பனி கோத்து முத்துமுத்தாகச் சொட்டுவது. கஜபதி கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டு தூங்குவார். காலையில் போர்வை ஈரமாக இருந்தால் வெயிலில் போடுவார். அவ்வளவுதான். அந்த ஒரு சொட்டு அந்தக் குழந்தையின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார்.

மறுநாள் கிருத்திகை. திருத்தணி மலைக்கு வரும் கூட்டத்துக்கு ஆட்டோ ஓடிக்கொண்டே இருக்கும் நாள். கஜபதி ஆட்டோவை எடுக்கவில்லை. ஏணியை வாங்கிவந்து, பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்தபடி ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, புது வாஷர் போட்டு, தார் வைத்து அடைத்தார். மொத்தம் நாற்பத்தாறு போல்ட். இறங்கும்போது கையெல்லாம் கறுப்பு. எதிரில் டீக்கடை வைத்திருக்கும் சுலோச்சனா மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து கொடுத்தாள். அவருடைய மனைவிக்கு நெருங்கிய தோழி அவள். குழந்தையைக் குளிப்பாட்டவும், தாய்க்குப் பத்தியம் பார்க்கவும் தான் இருக்கும்போது என்ன கவலை என்று சொன்னாள். கஜபதிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வேலை. ஜன்னல் கதவை இழைத்து, புதுக் கீல் போட்டார். ஆட்டோ சீட்டுக்கு வாங்கிய ரெக்சினில் மிச்சமிருந்ததை வாசல் கதவின் அடியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். வேலிக்காத்தான் விறகை மழைக்கு முன்பே பிளந்து வெயிலில் காயப்போட்டு, வெளியே குளியலறைப் பக்கத்துச் சாய்ப்பில் செங்கல்மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினார். வெந்நீருக்கு அண்டா வைக்க அங்கேயே அடுப்பை மூன்றடி உயரத்தில் கட்டினார். குனிந்து எடுத்தால் தேவயானிக்கு வயிறு வலிக்குமே. குழந்தைத் துணி மழையில் காயாது என்பது சுலோச்சனா சொல்லித்தான் அவருக்குத் தோன்றியது. சமையல்கட்டில் அடுப்புக்கு எட்டாத உயரத்தில் நான்கு வரிசைக் கொடி கட்டினார். பீரோவைத் திறந்து மனைவியின் நூல் சேலைகளில் மிகவும் நைந்துபோன ஆறை எடுத்தார். சுலோச்சனா அவற்றைக் கிழித்துச் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே நிற்கவில்லை. வெளியே போய் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் அறையைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். வெளியே தூறல். காற்று சில்லென்று அடித்தது. ஒரு மண்சட்டியில் அடுப்புக் கங்கை அள்ளி அறை நடுவில் வைத்து, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தினார். எங்கேயும் காற்று புகவில்லை. அரை மணியில் அறை அடுப்படி மாதிரி ஆகிவிட்டது. கஜபதி கட்டிலில் உட்கார்ந்து, தான் செய்ததைத் தானே பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. வேலைக் களைப்பு என்று நினைத்தார். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

சுகாதார நர்ஸ் ஷாலினி. எடை குறைந்த குழந்தை வரப்போகும் வீடு என்று தகவல் போயிருந்ததால் பார்க்க வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு பார்வை பார்த்தவள், புடவைத் தலைப்பால் சட்டியைப் பிடித்துத் தூக்கி மழையில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து ஜன்னல்களைத் திறந்தாள்.

"தலை வலிக்குதாங்க?" என்று கேட்டாள்.

"ஆங். லேசா."

"மூடின ரூமுல கங்கு வச்சா அந்தப் புகையில விஷம் இருக்குதுங்க. கண்ணுக்கும் தெரியாது, வாசமும் வராது. உங்களுக்கே தலை வலிக்குதுன்னா, ஒண்ணே முக்கால் கிலோ கொழந்தைக்கு என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க."

அவள் கடிந்து பேசவில்லை. அதுதான் கஜபதியை அதிகம் தாக்கியது. வெந்நீர் அடுப்பு வெளியே இருப்பது நல்லது, கொடி கட்டியது நல்லது, ஜன்னலை முழுதாக அடைக்காமல் மேலே ஒரு சாண் காற்றுக்கு விடுங்கள், சாம்பிராணி கூடாது, கூரைக்கு அடியில் ஏதாவது தட்டி கட்டுங்கள் என்று வரிசையாகச் சொன்னாள். குழந்தைக்குச் சூடு வேண்டுமென்றால் துணியில்லாமல் நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்திக்கொள்வதுதான் வழி என்றாள். கங்காரு குட்டியை வைத்துக்கொள்கிற மாதிரி. ஆஸ்பத்திரியில் தேவயானிக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்களாம். வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாமாம். கஜபதி எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்றார். பாதிதான் காதில் ஏறியது.

அவள் போன பிறகு மழையில் அணைந்து கிடந்த சட்டியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தச் சட்டியை மகளும் பேத்தியும் தூங்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதாகத்தான் இருந்தார். நர்ஸ் வராமல் இருந்திருந்தால் நிச்சயம் வைத்திருப்பார். நிர்மலா சொன்னது சரிதான். நாற்பத்தாறு போல்ட்டை அடைக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

போனை எடுத்து மகளை அழைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"நீ உங்க மாமியார் வூட்டுக்கே போயிடும்மா. அவங்களுக்குப் புள்ளை வளத்துப் பழக்கம் இருக்குது. எனக்கு ஒண்ணும் தெரியல."

"எனக்கு மட்டும் இன்னா தெரியுமாம்? இப்பத்தான் ஒண்ணு ஒண்ணா கத்துகினு இருக்கேன்" என்றாள் தேவயானி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அங்க எல்லாரும் என்னைய நல்லாத்தான் பாத்துக்குவாங்க நைனா. ஆனா அழுவணும்னா பாத்ரூமுக்குப் போவணும். எனக்கு இப்ப அடிக்கடி அழுவ வருது."

கஜபதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அந்தச் சட்டிய ஒடச்சிப் போடு. நான் வரேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை நவீன்குமார் பைக்கில் வந்து இறங்கினான். பின்னால் பெரிய மூட்டை. தறியில் மிஞ்சிய மெல்லிய மல்துணி, ஏழெட்டு மீட்டர். கஞ்சி போகட்டும் என்று மூன்று முறை வெந்நீரில் அலசியதாகச் சொன்னான். வந்ததும் நான்காவது முறை அலசிக் கொடியில் போட்டான். இன்னும் கொஞ்சம் மொடமொடவென்று இருக்கிறது என்று அவனுக்குச் சந்தேகம். துணியைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் மாமனாரும் மருமகனும் தனியாக இருந்தது அன்றுதான். பேச இருவருக்கும் ஒன்றும் இல்லை. வேலை இருந்தது. திருத்தணியில் போய் தெர்மாகோல் அட்டைகளை ஆட்டோவில் ஏற்றிவந்தார்கள். காற்றில் பறக்காமல் நவீன் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். சட்டம் அடித்து, ஷீட்டுக்கு ஓரடி கீழே அட்டைகளைப் பதித்தார்கள். பனி சொட்டினாலும் அட்டைக்கு மேலேயே ஓடி ஓரத்தில் வடியும்படி ஒரு பக்கம் சாய்வாக வைக்கலாம் என்றது நவீன்தான். கஜபதிக்கு அது தோன்றியிருக்கவில்லை. மதியம் சுலோச்சனா கொடுத்த சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நவீன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அம்மா தப்பா சொல்லல மாமா. பயந்துட்டாங்க. நானும்தான். அந்தப் பெட்டிக்குள்ள கொழந்தைய பாத்ததுலேர்ந்து தொடவே பயமா இருக்குது."

"எனக்கும்தாம்பா" என்றார் கஜபதி.

வியாழக்கிழமை காரில் கூட்டிவந்தார்கள். குழந்தை இப்போது ஒரு கிலோ எண்ணூறு. தலையில் குல்லா, கையில் உறை, காலில் உறை, மேலே மூன்று துணி. உள்ளே முகம் ஒரு மாங்காய் அளவுக்குத் தெரிந்தது. தேவயானி அறைக்குள் வந்து கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கொடியில் வரிசையாகத் தொங்கிய அம்மாவின் சேலைத் துண்டுகளைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நவீன் இரண்டு நாள் இருந்துவிட்டு, தறி வேலைக்காக ஊருக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வங்கக் கடலில் புயல் சின்னம் என்றார்கள். திங்கள் விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்று ஓ என்று அடித்தது. ஷீட்டின்மேல் யாரோ கூழாங்கல் அள்ளிப் போடுவது மாதிரி சத்தம். கஜபதி நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார். எங்கேயும் ஒழுகவில்லை. ஆனால் ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. அதே நேரத்தில் தேவயானி, குளிர்கிறது நைனா என்றாள். நெற்றியைத் தொட்டார். கொதித்தது.

போனில் ஷாலினி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். மார்பில் பால் கட்டிய காய்ச்சலாகத் தெரிகிறது, ஆஸ்பத்திரியில் கொடுத்த காய்ச்சல் மாத்திரையைப் போடட்டும், பால் கொடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம், மழை குறைந்ததும் நானே வருகிறேன் என்றாள். குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கஜபதி உறையை உருவித் தொட்டார். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பாதம். சில்லிட்டிருந்தது.

"நெஞ்சுல போட்டுக்கணுங்க, உடனே. அம்மா நடுங்கிகிட்டு இருந்தா வேற யாராவது போட்டுக்கணும். ஒரு மணி நேரத்துல பாதம் சூடாகலைன்னாலும், பால் குடிக்கலைன்னாலும் நூத்தியெட்டுக்குக் கூப்பிடுங்க. நானும் சொல்லி வைக்கிறேன்."

நவீனுக்குப் போன் போட்டார்கள். ஆர்.கே.பேட்டை வழியில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது, சுற்றிக்கொண்டு வருகிறேன் என்றான். சுலோச்சனா இரண்டு நாளாகச் சளி பிடித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்தாள்.

"நீதாண்ணா" என்றாள் அங்கிருந்தே.

"நானா? ஆட்டோ ஓட்டற ஒடம்பு. டீசல் நாத்தம் போவாது."

"சட்டைய கழட்டு நைனா" என்றாள் தேவயானி. பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன அவளுக்கு.

கஜபதி சாய்ப்புக்குப் போனார். அண்டா வெந்நீரில் சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரை தேய்த்தார். நகக்கண்ணை வேப்பங்குச்சியால் சுத்தம் செய்தார். கழுத்து, நெஞ்சு, அக்குள் எல்லாம் தேய்த்துக் கழுவி, அடுப்பின் முன் நின்று உடம்பைக் காயவைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தேவயானி நடுங்கும் கையால் குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் விட்டுவிட்டு, அவர் நெஞ்சின்மேல் குப்புறப் படுக்கவைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கு மறையாமல் பார்த்து, நவீன் கொண்டுவந்த மல்துணியால் இருவரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். மேலே கம்பளியைப் போர்த்தினாள். பிறகு சுவர் பக்கமாகச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

முதலில் கஜபதிக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பூசணிப் பிஞ்சை வைத்தது போல ஒரு சின்னக் குளிர்ச்சி, அவ்வளவுதான். மூச்சு விடவே பயமாக இருந்தது. பெரிதாக மூச்சு விட்டால் குழந்தை மேலே போய்க் கீழே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குளிர்ச்சி குறைந்தது. பிறகு ஒரு துடிப்பு தெரிந்தது. மிக வேகமாக, அவருடையதைவிட இரண்டு மடங்கு வேகமாக. தனது எது, அதனுடையது எது என்று பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி கழித்துக் கம்பளிக்குள் கை விட்டுப் பாதத்தைத் தொட்டார். சில்லென்று இல்லை. முக்கால் மணி கழித்து மறுபடி தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. வாசலைப் பார்த்துத் தலையாட்டினார். சுலோச்சனா மூக்குத் துணியோடு சேர்த்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

பசித்தபோது குழந்தை அவர் நெஞ்சை முட்டியது. தேவயானியை எழுப்பினார். அவள் பால் கொடுத்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். முடிந்ததும் திரும்பவும் அவரிடம். இப்படி மூன்று முறை நடந்தது. இரண்டாவது முறை அவளே கேட்டாள்.

"என்னையும் இப்டி வச்சிகினு இருந்தியா நைனா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார்.

"இல்லம்மா. ஆம்பளைங்க தூக்கக் கூடாதுன்னாங்க. எனக்கும் பயம். நீ ஒக்கார்ற வரைக்கும் நான் தூக்கினதே இல்ல. ஒங்க அம்மா கேட்டுகினே இருப்பா, ஒரு தரம் தூக்கேன்யான்னு."

தேவயானி கையை நீட்டி அவர் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். கை கனலாகச் சுட்டது. வெளியே மழையின் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கஜபதிக்கு முதுகு வலித்தது, ஒரு கால் மரத்துப்போனது. அசையவில்லை.

இரண்டு மணிக்குமேல் மழை கொஞ்சம் தணிந்தபோது ஷாலினி குடையோடு வந்தாள். தேவயானியைப் பார்த்து, பாலை எப்படி இறக்குவது என்று காட்டி, மாத்திரை கொடுத்தாள். குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள். வேறொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டாள்.

நான்கு மணிக்கு நவீன்குமார் வந்தான். பாதி தூரம் லாரியில், மீதி தூரம் நடை. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வாசலில் நின்றவன், உள்ளே மாமனார் இருந்த கோலத்தைப் பார்த்தான். பிறகு அவசரமாகச் சட்டையைக் கழற்றினான்.

"குடுங்க மாமா. நான் வச்சிக்கிறேன்."

"ஒடம்பு மொதல்ல சூடாவட்டும்ப்பா. குளிச்சிட்டு வா. வெந்நி இருக்குது."

நவீன் குளித்து, தலை துவட்டி, சுலோச்சனா கொடுத்த சூடான டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் உருட்டி உருட்டிக் கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கஜபதி முடிச்சை அவிழ்த்து, குழந்தையின் தலையையும் இடுப்பையும் தாங்கி எடுத்து அவன் நெஞ்சில் வைத்தார். மூக்கு மறையாமல் முகத்தைத் திருப்பிவிட்டார். ஆறு மணி நேரத்தில் அவருக்கு அது கைவந்திருந்தது. நவீன் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்திக்குள் தேவயானிக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. பசிக்கிறது என்றாள். கஜபதி சட்டையைப் போட்டுக்கொள்ள மறந்து அப்படியே சமையல்கட்டுக்குப் போய் மிளகு ரசம் வைத்தார்.

புயல் கடந்த ஐந்தாம் நாள் நிர்மலா பையோடு வந்து இறங்கினார். நவீன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் போல. மருமகளை அழைத்துப் போவது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூண்டுக் குழம்பு வைத்தார், குழந்தையைக் குளிப்பாட்டினார், ஒரு வாரம் தங்கினார். கஜபதி சமையல்கட்டில் பாய் போட்டுக்கொண்டார்.

மார்கழியில் மறுபடி ஆட்டோ ஓட்டப் போனார். மதியம் ஒரு மணிக்கு எந்தச் சவாரி இருந்தாலும் வேறொருவருக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். கை கழுவி, சட்டையைக் கழற்றிவிட்டு கட்டிலில் சாய்வார். தேவயானி குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பாள். தையில் குழந்தை இரண்டே முக்கால் கிலோ வந்துவிட்டது. இனி நெஞ்சில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, சாதாரணமாகத் தூங்க வைக்கலாம் என்று ஷாலினி அட்டையில் எழுதிக் கொடுத்தாள்.

மாசி பிறந்து, மதிய வெயிலில் ஷீட் சுட ஆரம்பித்திருந்தது. அன்றும் ஒரு மணிக்கு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. கஜபதி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேர்த்துக்கொண்டிருந்தது அவருக்கு.

"காத்து இன்னும் சில்லுனுதாம்மா இருக்குது" என்றார்.

"ஆங், இருக்குது" என்று சொல்லி தேவயானி குழந்தையை அவரிடம் கொடுத்தாள்.